வளைவு காட்டிக்கொடுக்கும் பிழை

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, ஆன் ஆர்பர் என்னும் நகரில் ஓல்ட்ரெட் வார்தின் என்ற மருத்துவர் வாழ்ந்து வந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் நோயியல் ஆராய்ச்சி அவரது பணி. அவருக்குத் தையல் வேலை செய்து கொடுத்து வந்த பெண் ஒருத்தி ஒருநாள் மிகவும் மனஞ்சோர்ந்து காணப்பட்டாள். காரணம் யாதென்று வார்தின் வினவினார். தன் குடும்பத்திற் பெரும்பாலோர் குடலிலோ, இரைப்பையிலோ, கருப்பையிலோ புற்றுநோய் கண்டு மாண்டனர் என்றும், தானும் அவ்வாறே இளவயதில் இறக்கப் போவது உறுதி என்றும் அவள் கூறினாள். அப்பொழுது அவள் நல்ல உடல்நலத்துடனேயே இருந்தாள். ஆயினும் அவள் சொன்னபடியே ஆயிற்று. பின்னாளில் கருப்பைப் புற்றுநோய் அவளை இளவயதிலேயே கொண்டு சென்றது.

வார்தின் அவள் சொல்லை ஒரு பேதைப் பெண்ணின் அச்சம் என்று ஒதுக்கிவிடவில்லை. அவளுடைய பாட்டன், பாட்டி, சிறிய தந்தையர், மைத்துனர் என்று குடும்பம் முழுவதையும் விசாரித்து எழுதிவைத்தார். 1913ஆம் ஆண்டில் அக்குறிப்புக்களைக் கட்டுரையாக வெளியிட்டார். மருத்துவ நூல்களில் அது ‘ஜி குடும்பம்’ என்று வழங்கப்படுகின்றது. ஒரு குடும்பத்தின் இரத்த வழியிலே புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வருகின்றது என்பதை அவர் கண்டார். ஏன் வருகின்றது என்பதை அவரால் மட்டுமன்றி, அக்காலத்து எவராலும் சொல்ல முடியவில்லை.

அவ்வினாவுக்கு விடை 2000ஆம் ஆண்டிலே கிடைத்தது. தையற்காரி பேசிய நாளிலிருந்து சரியாக 105 ஆண்டுகள்! ஜி குடும்பத்தாரின் பரம்பரை அலகு ஒன்றில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. அந்த அலகு செய்யும் தொழில் யாது? நம் உடலிலே பிழையாக இணைந்த எழுத்துக்களைத் தேடிப் பிடிக்கும் காவலாளியை உருவாக்குவதே அதன் தொழில். அக்காவலாளி பிழையை எவ்வாறு கண்டுபிடிக்கின்றது என்பது இன்னும் வியப்பான செய்தி. அது எழுத்தை வாசித்துப் பார்ப்பதில்லை, வளைத்துப் பார்க்கின்றது. பிழையுள்ள இடம் எளிதில் வளைந்து கொடுக்கும். அந்த வளைவே பிழையைக் காட்டிக்கொடுக்கும். இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருப்பது அதுவே.

முறுக்கிய ஏணி

நம் உடல் கோடானு கோடி கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் கருவிலும் டி.என்.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் டிஒட்சிரைபோ நியூக்கிளிக் அமிலம் இருக்கின்றது. கண்ணின் நிறம் முதல் குருதியின் வகை வரை, பெற்றோரிடமிருந்து நாம் பெறும் செய்திகள் யாவும் அதிலேயே எழுதப்பட்டுள்ளன. அதன் அமைப்பை வாற்சன், கிறிக் என்னும் இருவர் 1953ஆம் ஆண்டு ஏப்பிரில் 25ஆம் திகதி வெளியான கட்டுரையில் உலகுக்கு அறிவித்தனர். இலண்டனில் றோசலின்ட் பிராங்கிளின் அம்மையாரின் ஆய்வுகூடத்தில் 1952இல் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படம் அக்கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிற்று.

முறுக்கிவிட்ட நூலேணி ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். ஏணியின் இரு பக்கக் கயிறுகளும் சீனியும் பொசுபேற்றும் மாறிமாறி வருவதால் ஆனவை. படிகள் நான்குவகை மூலங்களால் ஆனவை: அடெனின், தைமின், குவானின், சைற்றோசின். இவற்றை முதலெழுத்துக்களால் அ, தை, கு, சை என்று குறிப்போம். ஒவ்வொரு படியும் இரண்டு மூலங்கள் கைகோத்து நிற்பதால் உண்டாகின்றது. அ எப்பொழுதும் தையோடும், கு எப்பொழுதும் சையோடும் சேரும். அ–தை சேர்க்கையை இரண்டு ஐதரசன் பிணைப்புக்களும், கு–சை சேர்க்கையை மூன்று ஐதரசன் பிணைப்புக்களும் பிடித்து நிறுத்துகின்றன. இந்தச் சோடி விதி மாறாதிருப்பதால், ஒரு பக்கக் கயிறு மட்டும் கையிலிருந்தாலும் மறுபக்கத்தை எழுதிவிடலாம். கலம் இரண்டாகப் பிரியும்பொழுது நடப்பதும் இதுவே. ஏணி நடுவே பிரிகின்றது. ஒவ்வொரு பாதியையும் பார்த்து மறுபாதி புதிதாக எழுதப்படுகின்றது.

வளைய மறுக்கும் நூல்

நூலேணி என்று சொன்னவுடன் அது நூலைப் போலத் துவண்டு கிடக்கும் என்று எண்ணிவிடலாகாது. டி.என்.ஏ.யின் தடிப்பு 2 நனோமீற்றர். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்துணை மெல்லிய பொருளாயினும், ஏறத்தாழ 50 நனோமீற்றர் நீளம்வரை, அதாவது 150 படிகள்வரை, அது ஒரு பிரம்பைப் போல விறைப்பாகவே நிற்கின்றது. அதற்கு மேற்பட்ட நீளத்திலேதான் அங்குமிங்கும் வளைந்து நெளியத் தொடங்குகின்றது.

இவ்விறைப்புக்குக் காரணம் இரண்டு. முதலாவது, படிகள் ஒன்றன்மேலொன்றாக, அடுக்கிவைத்த நாணயங்களைப் போல நெருக்கமாகப் படிந்திருக்கின்றன. அந்த அடுக்கைக் குலைக்காமல் ஏணியை வளைக்க முடியாது. இரண்டாவது, பக்கக் கயிறுகளிலுள்ள பொசுபேற்றுக்கள் மறையேற்றம் கொண்டவை. வளைக்கும்பொழுது உட்புறத்திலுள்ளவை ஒன்றையொன்று நெருங்கவேண்டும். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது பௌதிகம் கற்கும் மாணவர் அனைவரும் அறிந்ததே.

ஆனால், வளையாமலும் இருக்க முடியாது. ஒரு மனிதக் கலத்திலுள்ள டி.என்.ஏ.யை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். அது அடங்கியிருக்கும் கருவின் விட்டமோ மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கும் தேறாது. ஆகவே, இயற்கை ஒரு வழி செய்திருக்கின்றது. இசுத்தோன் என்னும் புரதங்கள் எட்டு ஒன்றுசேர்ந்து ஒரு சிறு நூற்கட்டையாக அமைகின்றன. அதனைச் சுற்றி டி.என்.ஏ.யின் 147 படிகள் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொள்கின்றன. இக்கட்டையையும் அதிற் சுற்றிய நூலையும் சேர்த்து நியூக்கிளியோசோம் என்பர். தனியே விட்டால் பிரம்பு போல நிற்கும் அதே நீளம், இங்கே கட்டையை இறுக அணைத்துச் சுற்றியிருக்கின்றது. வளைவு என்பது உயிருக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிழை நேரும் விதம்

ஏட்டுச்சுவடிகளைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய பழையோர் எவ்வளவு கவனமாயிருந்தாலும் ஓரிடத்தில் எழுத்துத் தவறும். அதுபோலவே, டி.என்.ஏ.யைப் பெயர்த்தெழுதும் நொதியமும் தவறு செய்கின்றது. ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துக்கு ஒன்று என்னும் விகிதத்திலே பிழையான எழுத்தைப் பொருத்திவிடுகின்றது. ஒரு மனிதக் கலத்தில் இரு பெற்றோர்வழி வந்தவையுமாக 600 கோடி படிகள் உள்ளன. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒருமுறை பெயர்த்தெழுதும்பொழுது 60,000 பிழைகள்! எழுதும் நொதியம் தானே திரும்பிப் பார்த்துத் தவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு மீண்டும் எழுதுகின்றது. இதனால் நூறில் ஒரு பங்காகக் குறைந்து, சுமார் 600 பிழைகள் எஞ்சுகின்றன. அதன்பின் வரும் காவற்படை அந்த எச்சத்தையும் தேடித் திருத்துகின்றது. முடிவில் நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்னும் அளவே மிஞ்சுகின்றது. 60,000 இருந்த இடத்தில் ஆறு!

ஏன் இவ்வாறு தவறுகின்றது? கு என்னும் மூலம் சையோடு சேரவேண்டியிருக்க, சிற்சில வேளை தையோடு சேர்ந்துவிடுகின்றது. சாதாரணமாக இந்தக் கு–தை சேர்க்கை சற்றுச் சரிந்து, ஒருபக்கம் ஒதுங்கி நிற்கும். ஆனால், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹஷீம் அல்-ஹஷிமி என்னும் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நுட்பத்தைக் காட்டிற்று. அச்சோடி மிகச் சொற்ப நேரம், ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம், சரியான சோடியின் உருவத்தையே எடுத்துக்கொள்கின்றதாம். எழுதும் நொதியம் அந்த இமைப்பொழுதில் ஏமாந்துவிடுகின்றது. வேடம் கலைந்தபின்போ எழுத்து எழுதப்பட்டுவிட்டது.

பிழையான படியின் தளர்ச்சி

இனி நம் பொருளின் மையத்துக்கு வருவோம். ஏணியில் ஓரிடத்திலே சோடி சேராத இரண்டு மூலங்கள் எதிரெதிரே நிற்கின்றன. அங்கே ஐதரசன் பிணைப்புக்கள் குறைவாகவோ, இடம் மாறியோ அமைகின்றன. அடுக்கு நெகிழ்கின்றது. மேலும் கீழுமுள்ள படிகள் இறுகப் படிய முடியாமல் நிற்கின்றன. ஆகவே, அவ்விடத்தில் டி.என்.ஏ.யின் விறைப்புக் குறைகின்றது. சிறு விசைக்கும் மடங்கிவிடுகின்றது.

எல்லாப் பிழைகளும் ஒரேயளவு தளர்ச்சி தருவன அல்ல. கு–தை சேர்க்கையில் இரண்டு பிணைப்புக்கள் எஞ்சியிருப்பதால் ஏணி அதிகம் குலைவதில்லை. சை–சை சேர்க்கையோ மிகவும் நலிந்தது. இரண்டும் சிறிய மூலங்கள். ஒன்றையொன்று எட்டிப் பிடிக்க வல்லமையற்றவை.

இத்தளர்ச்சியை அளப்பது எவ்வாறு? கண்ணுக்குத் தெரியாத நூலை யார் கையிலெடுத்து வளைத்துப் பார்ப்பது? விஞ்ஞானிகள் கையாளும் உபாயம் மிக அழகானது. டி.என்.ஏ.யின் சிறு துண்டு ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளிலும் ஒற்றைக் கயிறு சிறிது நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்கின்றனர். இரு முனைகளும் சந்தித்தால் ஒன்றோடொன்று சோடி சேர்ந்துகொள்ளும். துண்டு ஒரு வளையமாகிவிடும். ஒரு முனையருகே பச்சையாய் ஒளிரும் சாயமும், மறுமுனையருகே சிவப்பாய் ஒளிரும் சாயமும் பொருத்தப்படுகின்றன. முனைகள் விலகி நிற்கும்வரை பச்சையொளியே தெரியும். அவை நெருங்கியவுடன் பச்சைச் சாயம் பெற்ற சக்தி சிவப்புச் சாயத்துக்குக் கைமாறி, சிவப்பொளி தோன்றும். எத்தனை துண்டுகள் எவ்வளவு விரைவில் சிவக்கின்றன என்று எண்ணினால், அத்துண்டு எவ்வளவு எளிதில் வளைகின்றது என்பது தெரிந்துவிடும்.

டேக்ஜிப் ஹா என்னும் விஞ்ஞானியும் உடனாய்வாளரும் இம்முறையால் 2024இல் வெளியிட்ட முடிவு இது: ஏணியில் ஒரேயொரு சை–சை பிழை இருந்தால் போதும், அத்துண்டு பிழையற்ற துண்டைக் காட்டிலும் எளிதில் வளையமாகின்றது. பல படிகளிடையே ஒரு படியின் குறை, முழுத்துண்டின் இயல்பையே மாற்றிவிடுகின்றது!

கூப்பிய கைகள்

கிணற்றிலே நீர் இறைக்கும் கயிற்றை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு அது எங்கும் ஒருபடித்தாகவே தோன்றும். ஆனால், அனுபவமுள்ளவர் கயிற்றைக் கைகளுக்கிடையே ஓடவிட்டு, ஆங்காங்கே மடித்துப் பார்ப்பார். உள்ளே புரி நைந்த இடம் கையிலே தட்டுப்படும். அந்த இடத்தைக் கயிறே சொல்லிவிடும்.

பிழை தேடும் காவலாளியும் இதையே செய்கின்றது. பற்றீரியாவில் இக்காவலாளியின் பெயர் மியூட்-எஸ். இது இரண்டு புரதங்கள் சேர்ந்து டி.என்.ஏ.யைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வி. 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த இரு குழுவினர், பிழையுள்ள டி.என்.ஏ.யைப் பிடித்தவண்ணம் இருக்கும் மியூட்-எஸ்ஸின் பளிங்கு வடிவத்தை எக்ஸ் கதிரால் கண்டறிந்தனர். அவ்வடிவத்தைப் பார்த்தவர்கள், அது வழிபாட்டிலே கூப்பிய இரு கைகளை ஒத்திருக்கின்றது என்றனர். அக்கைகளுக்கிடையே டி.என்.ஏ. பிழையுள்ள இடத்தில் ஏறக்குறைய 60 பாகை மடங்கிக் கிடந்தது. புரதத்திலுள்ள பீனைலலனின் என்னும் அமினோவமிலத்தின் வளையம் ஒன்று, ஆப்பு இறக்கியதுபோல் அந்த மடிப்புக்குள்ளே நுழைந்து நின்றது.

சரியான சோடிகள் உள்ள இடத்தில் இவ்வாறு மடிக்க மிகுந்த சக்தி வேண்டும். பிழையுள்ள இடத்திலோ அடுக்கு முன்னரே நெகிழ்ந்திருப்பதால் மடிப்பது எளிது. ஆப்பும் உள்ளே இறங்கும். அணுவிசை நுணுக்குக்காட்டியின் உதவியால் 2003இல் எடுக்கப்பட்ட படங்கள், மியூட்-எஸ் பிழையற்ற டி.என்.ஏ.யையும் வளைத்துப் பிடிக்கின்றது என்பதைக் காட்டின. வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டே செல்வதுதான் அது தேடும் முறை போலும்.

ஆயினும், தளர்ச்சி மட்டுமே போதும் என்று முடிவு கட்டிவிடலாகாது. மிகத் தளர்ந்ததாகிய சை–சை பிழையையே பற்றீரியாவின் காவலாளி நன்கு பிடிப்பதில்லை! அதிகம் குலையாத கு–தை பிழையை அது நன்றாகப் பிடிக்கின்றது. வளைவது ஒரு நிபந்தனை. வளைந்த இடத்தில் ஆப்பு சரியாகப் படிந்து, புரதம் தன் கையாற் பற்றிக்கொள்ள ஏற்ற மூலம் அங்கே இருப்பது மற்றொரு நிபந்தனை. இயற்கையை ஒரே வாக்கியத்தில் அடக்க முயல்வோர் அடிக்கடி இவ்வாறு இடறுவதுண்டு.

எது மூலம், எது படி?

பிழை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனால், எதிரெதிரே நிற்கும் இரண்டு எழுத்துக்களுள் எது சரி, எது பிழை? தவறான பக்கத்தைத் திருத்தினால் பிழையே நிலைபெற்றுவிடும் அன்றோ? பழைய சுவடியையும் அதைப் பார்த்தெழுதிய புதிய சுவடியையும் அருகருகே வைத்தால், பழுத்த ஓலை எது, பச்சை ஓலை எது என்று எளிதில் அறியலாம். பற்றீரியாவும் ஏறத்தாழ இவ்வாறே அறிகின்றது. அதன் டி.என்.ஏ.யில் கு-அ-தை-சை என்னும் நான்கெழுத்துத் தொடர் வரும் இடங்களிலெல்லாம் அ என்னும் மூலத்தின்மீது மெதைல் கூட்டம் என்னும் சிறு குறி பதிக்கப்படுகின்றது. புதிதாக எழுதப்பட்ட கயிற்றில் அக்குறி பதியச் சற்று நேரம் செல்லும். குறியில்லாத கயிறே புதியது, பிழையும் அதிலேதான். மியூட்-எல் என்னும் துணைவன் செய்தியைக் கடத்த, மியூட்-எச் என்னும் நொதியம் குறியற்ற கயிற்றை வெட்டுகின்றது. பிழையுள்ள பகுதி அகற்றப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றது. மனிதக் கலத்தில் இந்த மெதைற்குறி முறை இல்லை. புதிய கயிற்றிலுள்ள வெட்டுக்களும் இடைவெளிகளும் அங்கே அடையாளமாகின்றன.

இம்முறை முழுவதையும் படிப்படியாக விளக்கியவர் போல் மொட்றிச் என்பவர். வேண்டிய புரதங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, பரிசோதனைக் குழாயிலே ஒன்றுசேர்த்து, 1989இல் பிழை திருத்தத்தை நிகழ்த்திக் காட்டினார். 2015இல் தோமஸ் லிண்டால், அசிஸ் சங்கார் ஆகியோருடன் இரசாயனத்துக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நியூ மெக்சிக்கோவின் சிறு பட்டணம் ஒன்றில் வளர்ந்தவர் அவர். தந்தையார் உயிரியல் ஆசிரியர். 1963ஆம் ஆண்டில், பள்ளி மாணவனாயிருந்த மகனிடம், இந்த டி.என்.ஏ. என்பதைப் பற்றி நீ கற்கவேண்டும் என்று அத்தந்தை கூறினாராம். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி அளிப்பது. நாம் போகிற போக்கிற் சொல்லும் ஒரு சொல் எந்த மாணவன் மனத்தில் வேரூன்றும் என்று யார் அறிவார்?

பிழை ஒளிந்துகொள்ளும் இடம்

தளர்ச்சி பிழையைக் காட்டிக்கொடுக்கின்றது என்றோம். அதே தளர்ச்சி பிழையை ஒளித்துவைக்கவும் கூடும் என்பது அண்மையில் தெரியவந்த உண்மை.

முன்னர்க் கூறிய நூற்கட்டையை நினைவுகூருங்கள். டி.என்.ஏ. அதனை இறுகச் சுற்றவேண்டுமானால் வளையவேண்டும். பிழையால் தளர்ந்த துண்டு எளிதில் வளைவதாயின், அது கட்டையை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளுமல்லவா? ஹாவின் குழுவினர் இதையும் சோதித்தனர். ஒளிக்கதிரினால் மிக நுண்ணிய மணியைப் பிடித்திழுக்கும் உபாயம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்த ஆதர் அஷ்கின் 2018இல் பௌதிகத்துக்கான நொபெல் பரிசிற் பங்கு பெற்றார். அவ்வுபாயத்தால் நூற்கட்டையிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்திழுத்தபொழுது, சை–சை பிழையுள்ள நூலைப் பிரிக்க அதிக விசை வேண்டியிருந்தது. உட்சுற்று, வெளிச்சுற்று, இரண்டும் சந்திக்கும் இடம் என மூன்றிடங்களில் பிழையை வைத்துப் பார்த்தனர். மூன்றிலும் முடிவு ஒன்றே.

கட்டையோடு இறுக ஒட்டியுள்ள நூலைக் காவலாளி எட்டித் தொடுவது கடினம். தொட முடியாத இடத்திலுள்ள பிழை திருத்தப்படாமலே நின்று, அடுத்த தலைமுறைக் கலங்களுக்கு நிலையான மாற்றமாகச் சென்றுவிடலாம். ஓரெழுத்து மாற்றங்கள் நூற்கட்டையின் நடுப்பகுதியிலே அதிகம் குவிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் கருதுகின்றனர்.

இதற்கு முன்னரே, 2020இல், டியூக் பல்கலைக்கழகத்தார் இதையொத்த மற்றொன்றைக் கண்டிருந்தனர். பரம்பரை அலகுகளை இயக்கவும் நிறுத்தவும் வல்ல புரதங்கள் சில, தாம் பற்றும் டி.என்.ஏ.யை வளைத்து உருமாற்றியே பற்றுகின்றன. பிழையுள்ள இடம் முன்னரே அவ்வுருவுக்கு இணங்கி நிற்பதால், அப்புரதங்கள் சரியான எழுத்தைவிடப் பிழையான எழுத்தையே சிற்சில இடங்களில் வலிமையாகப் பற்றுகின்றனவாம். வேறு புரதம் வந்து அமர்ந்துகொண்ட இடத்திலே காவலாளிக்கு வழி ஏது? வளைந்து கொடுக்கும் இயல்பு ஒன்றே. அது பிழையைப் பிடித்தும் கொடுக்கின்றது, மறைத்தும் வைக்கின்றது.

தையற்காரியின் வழித்தோன்றல்கள்

மனிதக் கலத்தில் மியூட்-எஸ்ஸின் வேலையைச் செய்யும் புரதங்களுள் முதன்மையானதை ஆக்கும் பரம்பரை அலகு எம்.எஸ்.எச்.2 எனப்படும். 1993இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஜி குடும்பத்தாரில் மாறியிருந்ததும் இதுவே.

இவ்வலகில் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு: தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று. ஒன்று பழுதாயிருந்தாலும் மற்றது வேலை செய்யும். ஆனால், குடலிலோ கருப்பையிலோ ஏதோ ஒரு கலத்தில் அந்த நல்ல பிரதியும் பழுதானால், அக்கலத்துக்குக் காவலாளி இல்லை. பிரிவுக்குப் பிரிவு பிழைகள் குவிகின்றன. ஒருநாள் கலத்தின் வளர்ச்சியை அடக்கிவைக்கும் அலகிலேயே பிழை விழுகின்றது. புற்றுநோய் அங்கே பிறக்கின்றது. இக்குடும்பங்களைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, 1971இல் ஜி குடும்பத்தின் வரலாற்றையும் புதுப்பித்து எழுதிய ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவரின் பெயரால் இந்நிலை லிஞ்ச் நோய்க்குறித் தொகுதி என்று அழைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இத்தகைய பழுதைச் சுமக்கின்றனர் என்பது ஒரு மதிப்பீடு.

பழுதைச் சுமக்கும் பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேர இரண்டிலொரு வாய்ப்பு உண்டு. அவ்வளவே, வந்தே தீரும் என்பதில்லை. வந்தவர் யாவர்க்கும் நோய் தோன்றும் என்பதும் இல்லை. முன்னதாக அறிந்துகொண்டால் காக்க வழியும் உண்டு. பின்லாந்து நாட்டில் இத்தகைய குடும்பத்தாரிடையே 15 ஆண்டுகள் நடைபெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மூன்றாண்டுக்கு ஒருமுறை பெருங்குடலை உள்நோக்கிக் கருவியாற் பார்வையிட்டவர்களுக்குக் குடற் புற்றுநோய் பாதிக்கு மேற் குறைந்தது. இன்று மருத்துவர்கள் அதனிலும் அடுத்தடுத்துப் பார்வையிடும்படி கூறுகின்றனர்.

இங்கே நம் குடும்பங்களுக்கு ஒரு சொல். நம்மவரிடையே புற்றுநோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பெரியம்மா எதனால் இறந்தார் என்று கேட்டால் ‘வயிற்றில் ஏதோ வருத்தம்’ என்போம். வெளியே தெரிந்தால் பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்குத் தடையாகும் என்று அஞ்சுவோம். அந்த அச்சம் விளங்கிக்கொள்ள முடியாததன்று. ஆனால், மறைத்த செய்தி பிள்ளைகளைக் காப்பதில்லை. நெருங்கிய உறவினருள் ஐம்பது வயதுக்கு முன்னரே குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டவர் இருந்தால், அல்லது ஒரே பக்கத்து உறவினர் பலருக்கு அது வந்திருந்தால், அவர் யார், எந்த வயதில், எந்த உறுப்பில் என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வார்தின் 1895இல் செய்த வேலையும் இதுவேதான்.

பிழையே நேராத எழுத்து உலகில் இல்லை. ஒரு கலம் ஒருமுறை பிரியும்பொழுதே பல்லாயிரம் பிழைகள் நேருகின்றன என்று கண்டோம். நாம் நலமாயிருப்பது பிழை நேராததனால் அன்று. நேர்ந்த பிழை தேடிப் பிடிக்கப்பட்டு, வேளையுடன் திருத்தப்படுவதனாலேயே. சுருளுக்குள் ஒளிந்த பிழையே தங்கிவிடுகின்றது. கைக்கு எட்டிய பிழைக்கு மருந்துண்டு.

அத்தையற்காரி தன் முடிவை முன்கூட்டியே அறிந்திருந்தாள். அதனை மாற்றும் வழியை அவளுக்குச் சொல்ல அன்று எவரும் இல்லை. அவள் வழிவந்தோருக்கு இன்று அது சொல்லப்படுகின்றது. அவள் தன் துயரத்தை மறையாமல் வாய்திறந்து சொன்னதும், ஒருவர் அதனைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதிவைத்ததுமே அதற்கு முதற் காரணம்.